பக்கவாதம் வந்தவர் வீட்டிலிருந்தே மீள: கைப்பேசியைச் சரியாகப் பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

பக்கவாதத்தில் உயிர் தப்பி வீடு திரும்புகிறவருக்கு முதல் 3 மாதம் மிக முக்கியமானது. பாதிக்கப்பட்ட பகுதியின் வேலையை மூளையின் மற்ற பகுதிகள் எடுத்துச் செய்யக் கற்றுக்கொள்வது அந்தக் காலத்தில்தான் வேகமாக நடக்கிறது. 6 மாதம் வரை நல்ல முன்னேற்றம் தெரியும். அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும்.

அந்த 3 மாதம் நம் ஊர்ப் பக்கம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் என்றால் மதுரைக்கு 40 கி.மீ.க்கு மேல். ஒரு பக்கம் கை கால் விழுந்தவரை பஸ்ஸில் ஏற்ற முடியாது, வண்டி பிடிக்க வேண்டும். கூட வருகிற மகனுக்கோ மருமகளுக்கோ ஒரு நாள் கூலி போகும். அரை மணி நேரப் பயிற்சிக்கு ஒரு முழுப் பகல். இரண்டு தடவை போவார்கள், அடுத்த தடவை நின்றுவிடும். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று புறா ரத்தம் தேய்ப்பதும், எண்ணெய் போட்டு உருவுவதுமாக நாள் ஓடும். புறா ரத்தத்தால் ஒரு விரல்கூட அசையாது. அதில் போகிற வாரங்கள் திரும்பி வராது.

வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டில் ஒரு ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. 2017-இல் 'அட்டெண்ட்' என்ற ஆய்வின் முடிவு வெளிவந்தது. இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, குடும்பத்தாருக்கும் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவமனையில் தொடங்கி வீட்டில் 2 மாதம் வரை அது தொடர்ந்தது. 6 மாதம் கழித்துப் பார்த்தால், இறப்பிலும் பிறரைச் சார்ந்திருப்பதிலும் வித்தியாசம் எதுவும் இல்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பயிற்சியின் பாரத்தை மொத்தமாகக் குடும்பத்தின் தலையில் வைத்தால் போதாது. தெரிந்தவர் ஒருவர் தொடர்ந்து பார்த்து, திருத்தி, அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களைப் பார்த்திருப்பீர்கள். கிராமத்து மையத்தில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதிப்பார். தொலைவில் இருக்கிற டாக்டர் திரையில் பேசுவார். அங்கே கணினி இருப்பதால் மட்டும் வேலை நடக்கவில்லை. இரண்டு முனையிலும் விஷயம் தெரிந்த மனிதர் இருப்பதால் நடக்கிறது. பக்கவாதத்துக்கும் அதே ஏற்பாடுதான் வேண்டும். பிசியோ வராத நாட்களில் அவர் கண்ணை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் போனின் வேலை.

படி 1: டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள்

பெரும்பாலான குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் மாத்திரைப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முந்தைய நாளே போனை எடுத்துக்கொண்டு பிசியோவிடம் போய், "சார், நீங்க சொல்லிக்கொடுக்கறத வீடியோ எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

நான்கு விஷயங்கள் படமாக வேண்டும். படுக்கையில் புரண்டு படுப்பது, எழுந்து உட்காருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, விழுந்த கையை எங்கே பிடித்து எப்படித் தாங்குவது. விழுந்த பக்கம் நன்றாகத் தெரியும்படி எடுங்கள். பிசியோ செய்து காட்டுவதை மட்டும் எடுத்தால் பாதி வேலைதான். அடுத்து நீங்கள் செய்ய, அவர் திருத்த, அதையும் எடுங்கள். வீட்டில் போட்டுப் பார்க்கும்போது அந்தத் திருத்தம்தான் உதவும்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, போனில் ஒரே இடத்தில் வையுங்கள். டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டுப் பதிலைக் குரல்பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வந்ததா, ரத்தக்கசிவால் வந்ததா? பிபி எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், எவ்வளவு ஏறினால் பயிற்சியை நிறுத்த வேண்டும்? விழுங்குவதைப் பரிசோதித்தாயிற்றா, எந்தப் பதத்தில் சாப்பாடு கொடுக்கலாம்?

படி 2: ஆளைப் பிடிப்பது

செயலி தேடுவதற்கு முன் ஆளைத் தேடுங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான் அந்தத் திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

அவர் தினமும் வர முடியாது, பார்க்க வேண்டிய வீடுகள் நிறைய. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வீடியோ அழைப்பு. முதல் தடவை நேரில் வரும்போதே, "மேடம், நடுவுல ஒரு தடவை வீடியோவுல பாக்குறீங்களா?" என்று கேட்டு, வாரத்தில் ஒரு நாளும் நேரமும் முடிவு செய்துகொள்ளுங்கள். நேரம் குறிக்காத அழைப்பு நடப்பதே இல்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு சின்னக் குழு தொடங்குங்கள். பிசியோ, தினமும் கூட இருப்பவர், முடிவெடுக்கிறவர், திருப்பூரிலோ துபாயிலோ இருந்து பணம் அனுப்புகிறவர், இவ்வளவு பேர் போதும். காலை வணக்கப் படங்களும் மூலிகை வைத்தியமும் அதில் வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சந்தேகத்துக்குப் போன் வழியாகவே டாக்டரைப் பார்க்க, மத்திய அரசின் இலவச 'இ-சஞ்சீவனி' சேவை இருக்கிறது. மாத்திரை மாற்றம், புதிய உபாதை போன்றவற்றைக் கேட்க அது உதவும், உடற்பயிற்சிக்கு அல்ல.

படி 3: வீட்டையும் போனையும் தயார் செய்வது

தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எழுந்து பழக முடியாது. உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படுகிற, ஆடாத நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது என்றால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்காது.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடியோ அழைப்பு பேசாதீர்கள். உங்கள் இரண்டு கையும் நோயாளிக்கு வேண்டும். போனை ஒரு ஸ்டாண்டில் அல்லது சொம்பில் சாய்த்து இடுப்பு உயரத்தில் வையுங்கள். நடப்பதைப் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள், நிற்பதை நேர் எதிரிலிருந்து. வாசல் வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் எங்களுக்குக் கறுப்பு உருவம்தான் தெரியும். வேட்டியை, சேலையை முழங்கால் தெரிகிற அளவுக்குத் தூக்கிக் கட்டுங்கள். முழங்கால் பின்னோக்கிச் சொடுக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிக்னல் இல்லாத ஊர் என்றால் நேரலைக்குப் போராட வேண்டாம். அரை நிமிட வீடியோ எடுத்து, சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று அனுப்புங்கள். எனக்கு அதுதான் வசதி. நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எங்கே தவறு என்று குரல்பதிவில் சொல்ல முடிகிறது.

ஒரு விதி: ஒருவர் எப்போதும் விழுந்த பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லாத நேரத்தில் நிற்கிற, நடக்கிற பயிற்சி எதுவும் வேண்டாம்.

படி 4: தினப் பயிற்சி

இது பெரிய பகுதி, பொறுமையாகப் படியுங்கள்.

மூளை கற்றுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தான். வட அமெரிக்காவில் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. ஒரு வகுப்பில் விழுந்த கையால் பயனுள்ள அசைவு சராசரியாக 32 தடவைதான் நடந்திருந்தது. விலங்குகளிடம் மூளை மாற்றம் தெரிந்த ஆய்வுகளிலோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. மருத்துவமனைக்குப் போய்வருகிற அரை மணியில் இந்த எண்ணிக்கை உயராது. வீட்டில்தான் கூட்ட முடியும்.

ஆகவே எண்ணுங்கள். 'டேலி கவுண்டர்' என்று தேடினால் தொட்டால் ஒன்று கூடுகிற இலவசச் செயலிகள் நிறைய வரும். பேரப்பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுங்கள். "அப்பத்தா, இன்னும் பத்து!" என்று பிள்ளை சொன்னால் செய்கிற அப்பத்தாக்கள், நான் சொன்னால் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிசியோ சொல்கிற எண்ணிக்கையில் தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், காலை, மதியம், மாலை என்று பிரியுங்கள்.

காலுக்கு, உட்கார்ந்து எழுவதைவிடச் சிறந்த வீட்டுப் பயிற்சி எனக்குத் தெரியாது. பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, முன்னால் குனிந்து, இரண்டு காலிலும் சமமாகப் பாரம் கொடுத்து எழ வேண்டும். எல்லோரும் நல்ல காலில் மட்டும் பாரம் போட்டு எழுந்துவிடுவார்கள். வீடியோவில் பிசியோ முதலில் பார்ப்பது இதைத்தான்.

கைக்கு, வீட்டில் இருக்கிற வேலையையே பயிற்சியாக மாற்றுங்கள். கொஞ்சம் அசைவு வந்தவுடன் தட்டில் மல்லிகை மொட்டைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் பூ தொடுத்த கைகள் நம் ஊரில் நிறைய உண்டு. ரப்பர் பந்தை எடுத்து நீட்டினால் சலித்துக்கொள்கிற அம்மா, பூவைப் பார்த்தால் தானாகக் கையை நீட்டுவார். புளி ஆய்வது, துணி மடிப்பது, சொம்பைத் தூக்கி வைப்பது எல்லாம் கணக்கில் சேரும். பந்தை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பக்கவாதத்தில் பலருக்கு விரலை மூடுவதைவிடத் திறப்பதுதான் கஷ்டம். இறுகி மடங்கிய கையில் பந்தைத் திணிக்குமுன் பிசியோவிடம் கேளுங்கள்.

அசைவே வராத கைக்குக் கண்ணாடிப் பயிற்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த மூளை அறிவியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றுகிற மாய வலிக்காக 1990-களில் கொண்டுவந்த யோசனை அது. பின்னர் பக்கவாதத்துக்கும் வந்தது, கை அசைவு மேம்பட உதவுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். முகம் பார்க்கிற கண்ணாடியை மேசையில் நடுவாக நிறுத்துங்கள். விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும், நல்ல கையின் பிம்பம் தெரியட்டும். நல்ல கையைத் திறந்து மூடும்போது, விழுந்த கை அசைவதாகவே கண்ணுக்குத் தெரியும். மறைந்த கையையும் அப்படியே அசைக்க முயல வேண்டும். செலவு ஒரு கண்ணாடிதான்.

நடக்கத் தொடங்கியவருக்கு 'மெட்ரோனோம்' செயலி. சீரான தாளம் போடும், தாளத்துக்கு ஓர் அடி. இப்போது நடக்கிற வேகத்துக்கே தாளத்தை வைத்து, பழகியபின் மிக மெல்லக் கூட்டுங்கள். ஊர்த் திருவிழாவில் பறைக்குக் கால் தானாக அசைந்தவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

சில எச்சரிக்கைகள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்பட்டை எளிதில் இறங்கிவிடும். உத்திரத்தில் கயிறும் கப்பியும் கட்டி, நல்ல கையால் விழுந்த கையை மேலே இழுக்கிற பயிற்சியைப் பல வீடுகளில் பார்க்கிறேன். தோள் வலியைக் கூட்டும், அவிழ்த்துவிடுங்கள். உணர்ச்சி இல்லாத தோலில் சூடான ஒத்தடம் வேண்டாம், வெந்தாலும் அவருக்குத் தெரியாது. இணையத்தில் பார்த்து 'கரண்ட் மெஷின்' வாங்கிச் சொந்தமாக வைக்காதீர்கள். பாதம் தொங்குவதற்கும் கைக்கும் மின்தூண்டல் பயன்படும்தான், ஆனால் எந்தத் தசைக்கு, எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்குகிற பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஆபத்து.

விலை உயர்ந்த ரோபோ இயந்திரம் இல்லாததால்தான் கை சரியாகவில்லை என்று வருந்துகிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' போன்ற கைப்பயிற்சிக் கருவிகள் நல்லவைதான். அவையும் செய்வது இதைத்தான்: சரியான அசைவை நிறையத் தடவை செய்யவைப்பது. கிடைத்தால் பயன்படுத்துங்கள். அதற்காக நிலத்தை அடகு வைக்க வேண்டாம்.

படி 5: விழுங்குவதும் பேச்சும்

விழுங்குவதற்குச் செயலி கிடையாது. தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி காய்ச்சல், இவற்றில் எது இருந்தாலும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வாய்வழி கொடுப்பதை நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள். படுக்கவைத்து ஊட்டவே கூடாது.

பேச்சில் போன் நிறைய உதவும். குழறிப் பேசுகிறவர், தமிழ்க் குரல் தட்டச்சை இயக்கி, 'தண்ணி', 'மாத்திரை', 'வலிக்குது' என்று சொல்லிப் பார்க்கலாம். திரையில் சரியாக விழுந்தால், அடுத்தவருக்கும் புரியும். வார்த்தையே வராதவருக்கு வேறு வழி. அவர் வீட்டு விஷயங்களைப் படம் பிடித்து ஒரு தனி ஆல்பம் செய்யுங்கள்: அவர் தட்டு, கழிப்பறை, போர்வை, மின்விசிறி, மக்கள், பேரன் பேத்தி. அவர் விரலால் தொட்டுக் காட்டட்டும். சென்னையில் உருவான 'ஆவாஸ்' போன்ற பட உரையாடல் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் முதல் வாரத்தில் சொந்த வீட்டுப் படங்கள்தான் வேகமாகப் பிடிபடும். பேச வராத சிலருக்குப் பழகிய பாட்டு வாயில் வரும், ஒன்று இரண்டு எண்ணுவது வரும். அதில் தொடங்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, 'ஆமாம்', 'இல்லை' என்று பதில் வருகிற கேள்வி. டிவியை அணைத்துவிடுங்கள். சத்தமாகப் பேச வேண்டியதில்லை. அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது, வார்த்தைதான் கிடைக்கவில்லை.

படி 6: இரண்டாவது தாக்குதலைத் தடுப்பது

ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து அதிகம், அதில் பெரிய எதிரி பிபி. மேல் கையில் கட்டுகிற டிஜிட்டல் கருவி ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, நல்ல கையில் பாருங்கள். விழுந்த கையில் தசை இறுக்கம் கணக்கைப் புரட்டலாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, திரையைப் படம் பிடித்துக் குழுவில் போடுங்கள். பலருக்கு 130/80-க்குக் கீழே என்பது இலக்கு, உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார்.

மாத்திரைக்குப் போனில் அலாரம் வைத்து, அதில் மகள் குரலைப் பதிந்து வையுங்கள்: "அப்பா, ராத்திரி மாத்திரை போட்டாச்சா?" நடை வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது நம் பக்கம் மிகச் சாதாரணம். அந்த மாத்திரை கால் நடப்பதற்கு அல்ல, அடுத்த அடைப்பு வராமலிருக்க.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சு குழறுவது, இதில் எது புதிதாக வந்தாலும் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரம்தான் பொதுவான வரம்பு.

படி 7: அளந்து பார்ப்பது

"தேவலையா இருக்கு" என்பது அளவு ஆகாது. தெருவில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்பே நடக்கத் தொடங்கி, அடுத்த கோட்டை இரண்டு மீட்டர் தாண்டி நிற்கட்டும். கோட்டுக்குக் கோடு போனின் ஸ்டாப்வாட்சில் எத்தனை வினாடி என்று பாருங்கள். 25 வினாடிக்கு மேல் என்றால் இன்னும் வீட்டுக்குள் நடக்கிற வேகம். 12.5 வினாடிக்குள் வந்தால் தெருவில், சந்தையில் சமாளிக்கிற வேகம். 15 நாளுக்கு ஒரு தடவை, அதே இடம், அதே செருப்பு, அதே ஊன்றுகோல். முதல் நாள் வீடியோவை அழிக்காதீர்கள். முன்னேற்றமே இல்லை என்று அவர் மனம் உடைகிற நாளில் அதைப் போட்டுக் காட்டலாம்.

படி 8: மனசு

பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு வர மறுப்பவரை 'வீம்பு', 'சோம்பேறித்தனம்' என்று திட்டுகிறார்கள். பல சமயம் அது நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். கூடவே கிடந்து பார்க்கிற மனைவியும் மருமகளும்கூட அந்த எண்ணை அழைக்கலாம். அவர்கள் தூங்கினார்களா என்று யாரும் கேட்பதில்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளே, வீடியோ அழைப்பில் அப்பாவைப் பார்த்து முடித்ததும் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, அவரிடமும் கொஞ்ச நேரம் பேசுங்கள்.

படி 9: 6 மாதம் ஆனதும்

குறைபாடு நீடித்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். நரம்புப் பாதிப்பை வழக்கமாக 6 மாதத்துக்குப் பிறகுதான் மதிப்பிடுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி வரும். தேசிய அட்டைக்கு 'ஸ்வாவ்லம்பன்' தளத்தில் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் கேளுங்கள். படி 1-இல் போனில் சேர்த்துவைத்த டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேனும் இங்கே தேவைப்படும்.

வீடியோ அழைப்பை அப்போது முழுதாக விட்டுவிடாதீர்கள். வாரம் ஒன்று என்பதை மாதம் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். கை இறுகிக்கொண்டு வருகிறது, 10 மீட்டர் நேரம் கூடிக்கொண்டு போகிறது என்றால் அந்த மாத அழைப்புக்காகக் காத்திருக்காமல், அதே வாரம் பிசியோவுக்குச் சொல்லுங்கள்.